கடனட்டைக் காப்புறுதி: ஐம்பது டொலர் சட்டத்தின் கதை

இலண்டனில் நீண்ட காலமாக வாழ்ந்துவரும் என் மைத்துனர் சென்ற மாதம் தொலைபேசியில் ஒரு யோசனை கேட்டார். அடையாளத் திருட்டுக்கு எதிரான காப்புறுதி பற்றிய விளம்பரம் ஒன்று அவருக்கு வந்திருந்தது. அவருடைய பெயரில் வேறெவரும் கடன் பெறாமற் கண்காணிப்பார்களாம். மீறி நடந்துவிட்டால் அதனால் ஏற்படும் செலவுகளையும் ஈடுசெய்வார்களாம். "அத்தான், மாதம் பத்துப் பவுண்தானே, எடுத்து வைப்பமோ?" என்றார்.

வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்டபோது ஒரு வரியில் விடை சொல்ல முடியவில்லை. விடை, இக்காப்புறுதி பிறந்த வரலாற்றில் இருக்கிறது. அதையே இங்கு எழுதுகிறேன்.

1958 செப்டெம்பரில் கலிபோர்னியா மாநிலத்தின் பிரெஸ்னோ நகரவாசிகளுக்குத் தபாலில் ஒரு புதுமையான பொருள் வந்து சேர்ந்தது. பாங்க் ஒவ் அமெரிக்கா நிறுவனம், எவரும் விண்ணப்பிக்காமலேயே, 60,000 கடனட்டைகளை அந்நகர மக்களுக்கு அனுப்பியிருந்தது. பிற்காலத்தில் 'விசா' என்று பெயர் மாறிய அட்டையின் தொடக்கம் அதுவே. அட்டை வைத்திருப்போர் இல்லாமற் கடைக்காரர் அதனை ஏற்கமாட்டார். ஏற்கும் கடைகள் இல்லாமல் எவரும் அட்டை வாங்கமாட்டார். இந்தச் சிக்கலை அறுக்க வங்கி கண்ட குறுக்குவழி, ஒரு நகரத்தையே அட்டைகளால் நிரப்பிவிடுவது. ஓராண்டு கழிந்து சிறிது காலத்துக்குள் மாநிலமெங்கும் இருபது இலட்சம் அட்டைகள் பரவின. கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறுவோர் நூற்றுக்கு நால்வராக இருப்பர் என்று வங்கி கணக்கிட்டிருந்தது. நடந்ததோ நூற்றுக்கு இருபத்திரண்டு. இழப்பு 88 இலட்சம் டொலர் என வங்கி கணக்குக் காட்டியது. திட்டத்தை வகுத்த ஜோசப் வில்லியம்ஸ் பதவியை விட்டு விலகினார்.

இதைக் கண்டு மற்ற வங்கிகள் பாடம் படித்தனவா என்றால், இல்லை. 1966ஆம் ஆண்டு நத்தார் பண்டிகைக்குச் சற்று முன் சிக்காகோ நகர வங்கிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஏறத்தாழ 50 இலட்சம் அட்டைகளைத் தபாலில் சேர்த்தன. சில குடும்பங்களுக்கு ஒன்றல்ல, பத்துக்கு மேற்பட்ட அட்டைகள் வந்தன. குழந்தைகளின் பெயருக்கும் வந்தன. இறந்துபோனவர்களின் பெயருக்கும் வந்தன. தபால் நிலையங்களிலும் தபாற்பெட்டிகளிலும் வைத்தே அட்டைகள் திருடப்பட்டு, கள்ளச்சந்தையில் விலைபோயின. தான் கண்ணாலும் காணாத ஓர் அட்டையால் வாங்கப்பட்ட பொருள்களுக்கான பட்டியல் வீட்டுக்கு வந்தபோதுதான், தமக்கு அட்டை அனுப்பப்பட்டிருந்த செய்தியையே பலர் அறிந்தார்கள்.

இங்கேதான் நம் கேள்வியின் வேர் இருக்கிறது. திருடன் வாங்கிய பொருளுக்கு யார் பணம் கொடுப்பது? அன்றைய ஒப்பந்தங்களின் நுண்ணெழுத்து, அட்டை தொலைந்த செய்தி நிறுவனத்துக்கு எழுத்தில் கிடைக்கும்வரை எல்லாச் செலவுக்கும் உரிமையாளரே பொறுப்பு என்றது. நியூயோர்க் நீதிமன்றமொன்று 1962இல், எண்ணெய் நிறுவனம் ஒன்றின் அட்டையைத் தொலைத்தவர்மீது அப்பொறுப்பைச் சுமத்தித் தீர்ப்பளித்தது. கவனிக்கவேண்டியது யாதெனில், அந்தக் காலத்தில் ஒருவர் தம் அட்டைக்குக் காப்புறுதி எடுத்திருந்தால் அது அறிவுடைய செயலே. இழப்பு உண்மையாகவே அவர் தலையில் விழுந்தது. அதற்கு எல்லையும் இருக்கவில்லை.

சிக்காகோ அமளி அமெரிக்கக் காங்கிரஸின் கதவைத் தட்டியது. விஸ்கொன்சின் மாநிலச் செனட்டர் வில்லியம் புரொக்ஸ்மயர் இதில் முன்னின்றார். 1970 ஒக்டோபர் 26ஆம் திகதி ஜனாதிபதி நிக்சன் கையொப்பமிட்ட பல பாகங்கள் கொண்ட சட்டமொன்றின் ஐந்தாம் பாகம், கேளாதவருக்கு அட்டை அனுப்புவதைத் தடைசெய்தது. அத்துடன், திருடப்பட்ட அட்டைக்கு உரிமையாளரின் பொறுப்பு 50 டொலருக்கு மேற்போகாது என்று வரம்பிட்டது. தொலைந்ததை அறிவித்த பின் நிகழும் செலவுக்கு ஒரு சதமும் இல்லை. உரிமையாளரின் அனுமதியுடன்தான் அட்டை பயன்பட்டது என்று நிறுவவேண்டிய கடமையும் நிறுவனத்தின்மீது வைக்கப்பட்டது. அதே சட்டத்தின் ஆறாம் பாகம், கொடுகடன் தகவல் பணியகங்களை (இலங்கையில் நாம் 'கிறிப்' என்று அழைப்பதற்கு ஒப்பானவை) முதன்முறையாகக் கூட்டாட்சிச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இன்று 'அட்டைக் காப்புறுதி', 'அடையாளக் காப்புறுதி' என்று இரண்டு சரக்குகளாக விற்கப்படுபவற்றுக்கு, ஒரே நாளில், ஒரே பேனாவால் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது!

அந்த 50 டொலர் எல்லை அதன்பின் ஒருபோதும் உயர்த்தப்படவில்லை. 1970இன் 50 டொலர் இன்றைய பெறுமதியில் சுமார் 400 டொலர். ஆகவே பணவீக்கமும் அட்டைக்காரரின் பக்கமே நின்றது எனலாம். 2000ஆம் ஆண்டளவில் பெரிய அட்டை நிறுவனங்கள் அந்த 50 டொலரையும் தாமாகவே கைவிட்டன. பிரித்தானியாவில் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம் 50 பவுண் எல்லையை விதித்தது. 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கொடுப்பனவுச் சேவை ஒழுங்குவிதிகள் அதனை 35 பவுணாகக் குறைத்தன. மோசடியில் தாமே பங்கெடுத்தவருக்கும், மிகுந்த கவனயீனமாக நடந்தவருக்கும் இச்சலுகை இல்லை.

சட்டம் ஏட்டில் இருப்பது வேறு, வங்கி அதனை ஏற்பது வேறு என்று வாசகர் சொல்லலாம். நியாயமான ஐயமே. இதற்கு இரு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1980இல் நியூயோர்க்கில் ஒரு பெண்மணி, தாம் வேலைத்தலத்தில் இருந்த நேரத்தில் ஏ.ரி.எம். இயந்திரத்தினூடாகத் தம் கணக்கிலிருந்து 800 டொலர் எடுக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்தார். எங்கள் கணினி பிழைவிடாது என்றது வங்கி. அப்பெண்மணியின் சொல்லுக்கும் கணினி அச்சுத்தாளுக்கும் இடையில் நீதிபதி பெண்மணியின் சொல்லையே நம்பினார். மற்றொன்று பிரித்தானியாவில் நடந்தது. கேம்பிரிட்ஜ்ஷயரைச் சேர்ந்த பொலிஸ் கான்ஸ்டபிள் ஒருவர், தாம் எடுக்காத பணம் கணக்கிலிருந்து குறைந்துள்ளதென நிதி நிறுவனத்திடம் முறையிட்டார். நிறுவனம் தன் அமைப்பில் பிழை இருக்க முடியாதென்றது. முறையிட்டவரே பொய்சொல்லிப் பணம்பெற முயன்ற குற்றவாளியானார். 1994இல் அவர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, 1996இல் மேன்முறையீட்டில்தான் விடுதலையானார். களவு கொடுத்ததாகச் சொன்ன பொலிஸ்காரரே கள்வனாக நின்ற அந்த இரண்டு ஆண்டுகளுக்கு எந்தக் காப்புறுதி ஈடு கொடுத்திருக்கும்?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொஸ் அண்டர்சன் அவ்வழக்கில் எதிர்த்தரப்பு நிபுணர்-சாட்சியாகப் பணியாற்றியவர். 2024இல் காலமான அவர் நெடுங்காலம் எழுதிவந்த கருத்து ஒன்று எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. இழப்பைத் தாங்குவது வங்கியாக இருந்தால் வங்கி தன் பூட்டைச் சரிபார்க்கும். இழப்பை வாடிக்கையாளர் தலையில் கட்ட முடியுமானால் பூட்டைப் பற்றிய கவலை அதற்கு இராது. அண்டர்சன் ஒரு கணினி விஞ்ஞானி. ஆயினும் அவர் சொன்னது கணினியைப் பற்றியதன்று, பொறுப்பைப் பற்றியது.

இனிக் காப்புறுதி விற்றவர்களிடம் வருவோம். 1980இல், அதாவது சட்டம் இழப்பை வங்கியின் பக்கம் நகர்த்திய பின்னர், பிரித்தானியாவில் சீ.பீ.பீ. என்ற எழுத்துக்களால் அறியப்பட்ட 'கார்ட் புரொட்டெக்ஷன் பிளான்' நிறுவனம் தொடங்கப்பட்டது. யோர்க் நகரைத் தலைமையகமாகக் கொண்ட இந்நிறுவனம் உங்கள் எல்லா அட்டைகளின் இலக்கங்களையும் பதிந்து வைத்திருக்கும். பணப்பை தொலைந்தால் ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்; எல்லா வங்கிகளுக்கும் அவர்களே அறிவிப்பார்கள். இதிலே ஒரு வசதி இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வசதி வேறு, காப்புறுதி வேறு.

இவ்வேறுபாடு வேடிக்கையான முறையில் உயர் நீதிமன்றங்கள்வரை சென்றது. இது அட்டைப் பதிவுச் சேவை, ஆகவே பெறுமதிசேர் வரி செலுத்த வேண்டும் என்றது வரித் திணைக்களம். இல்லை, இது காப்புறுதி, ஆகவே வரிவிலக்கு உண்டு என்றது நிறுவனம். வழக்கு 1999இல் ஐரோப்பிய நீதிமன்றத்தைக் கண்டு, 2001இல் பிரபுக்கள் சபையில் நிறுவனத்துக்குச் சார்பாக முடிந்தது. வரியைப் பொறுத்தவரை இது பிரதானமாகக் காப்புறுதியே என்று தீர்ப்பாயிற்று. வென்றவர்கள் மகிழ்ந்திருப்பார்கள்.

பதினொரு ஆண்டுகள் கழித்து அதே காப்புறுதியை நிதிச் சேவைகள் அதிகாரசபை சோதித்தது. 2012 நவம்பரில் வெளியான அதன் முடிவு பத்திரிகைகளில் பெருஞ்செய்தியாயிற்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 35 பவுணுக்கு அட்டைக் காப்புறுதியும், 84 பவுணுக்கு அடையாளக் காப்புறுதியும் விற்கப்பட்டிருந்தன. மோசடியாகச் செலவிடப்படும் பணத்துக்கு 1,00,000 பவுண்வரை ஈடு உண்டு என்று வாங்குவோரிடம் கூறப்பட்டது. அந்த ஈடு அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. அத்தகைய இழப்பை அவர்களுடைய வங்கியே ஏற்கவேண்டியிருந்தது. அடையாளத் திருட்டின் ஆபத்தும் அதன் விளைவுகளும் மிகைப்படுத்திச் சொல்லப்பட்டன. விலக விரும்பியவரை விடாப்பிடியாகப் பேசி நிறுத்திவைக்க ஊழியர்களுக்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டிருந்தது. 2005 ஜனவரிக்கும் 2011 மார்ச்சுக்கும் இடையில் 44 இலட்சம் பத்திரங்கள் விற்று, 35 கோடிப் பவுணுக்கு மேல் மொத்த இலாபம் ஈட்டப்பட்டது. அதே காலத்தில் 1 கோடி 87 இலட்சம் பத்திரங்கள் புதுப்பிக்கப்பட்டன. தண்டம் 105 இலட்சம் பவுண்.

எண்களில் என்னை நிறுத்தியது அந்தப் புதுப்பித்தல்தான். விற்றதைப்போல நான்கு மடங்குக்கு மேல் புதுப்பித்தல். ஆண்டுதோறும் கணக்கிலிருந்து 35 பவுண் தானாகவே கழிந்துகொண்டிருக்கும். இவ்வளவு சிறிய தொகைக்காக யார் தொலைபேசியை எடுத்து வரிசையில் காத்திருப்பார்?

வங்கிகளும் இதில் சும்மா இருக்கவில்லை. புதிய அட்டை கிடைத்ததும் அதனை இயங்கச்செய்ய அழைத்த பலர், அந்த அழைப்பின் மூலமே காப்புறுதி விற்பவரிடம் கொண்டு சேர்க்கப்பட்டனர். வங்கியின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர், மறுமுனையில் இருப்பது வங்கியே என்றல்லவா நினைப்பார்? அதனால் 2013 ஓகஸ்டில் அறிவிக்கப்பட்ட நட்டஈட்டுத் திட்டத்தில் இந்நிறுவனத்துடன் 13 வங்கிகளும் அட்டை நிறுவனங்களும் சேரவேண்டியதாயிற்று. சுமார் 70 இலட்சம் வாடிக்கையாளருக்கு 130 கோடிப் பவுண்வரை திருப்பிக்கொடுக்கும் திட்டம் அது. 2015இல், அபினியன் என்ற வேறொரு நிறுவனத்தின் அட்டைப் பாதுகாப்புச் சரக்குகளுக்காக, ஏறத்தாழ 20 இலட்சம் பேருக்கு இதுபோன்ற இன்னொரு திட்டம் வந்தது.

அட்லாந்திக்கின் மறுகரையிலும் இதே நாடகம், வேறு வேடங்களில். 2005இல் தொடங்கிய லைஃப்லொக் நிறுவனத்தின் தலைவர் டொட் டேவிஸ், தம் சமூகப் பாதுகாப்பு இலக்கத்தை விளம்பரங்களில் ஊரறிய வெளியிட்டார். எவனும் என்னை ஒன்றும் செய்யமுடியாது, அவ்வளவு பலமானது எங்கள் காவல் என்பது அதன் பொருள். 2007இல் ஒருவன் அவர் பெயரில் 500 டொலர் கடன் பெற்றான். அவ்விலக்கம் பதின்மூன்று தடவை மோசடிக்குப் பயன்பட்டதென 2010இல் செய்தி வெளியாயிற்று. அதே ஆண்டு மார்ச்சில், பொய்யான வாக்குறுதி அளித்தமைக்காக 120 இலட்சம் டொலர் செலுத்த நிறுவனம் இணங்கியது. மாதம் 10 டொலர் பெற்று அது செய்துவந்த முக்கிய வேலை, வாடிக்கையாளரின் கொடுகடன் கோப்பில் எச்சரிக்கைக் குறிப்பு இடுவது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதை எவரும் இலவசமாகத் தாமே செய்துகொள்ளலாம். அக்குறிப்பால் பயன் கிடைக்கக்கூடிய திருட்டு வகையோ, கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவின் கணிப்பின்படி, மொத்தத் திருட்டுகளில் நூற்றுக்குப் பதினேழே. 2015இல், முன்னைய நீதிமன்றக் கட்டளையை மீறிய குற்றச்சாட்டில் மேலும் 10 கோடி டொலர் செலுத்த அந்நிறுவனம் உடன்பட்டது.

2017 செப்டெம்பரில் ஈக்விபெக்ஸ் என்ற கொடுகடன் தகவல் பணியகத்திலிருந்து 14 கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கரின் விபரங்கள் களவுபோனதாக அறிவிக்கப்பட்டது. அடையாளப் பாதுகாப்பை விற்கும் நிறுவனங்களுக்குக் கண்காணிப்புத் தகவல்களை வழங்கி வந்ததும் அதே ஈக்விபெக்ஸ்தான். வேலியே பயிரை மேய்ந்தது என்று எழுத வராது. ஆனால் வேலி திறந்து கிடந்தது. மக்களின் சினத்தின் விளைவாக, 2018 செப்டெம்பர் 21 முதல் அமெரிக்காவில் எவரும் தம் கொடுகடன் கோப்பை இலவசமாக முடக்கி வைக்கலாம். முடக்கிய கோப்பைப் புதிய கடன்கொடுப்போர் பார்க்க முடியாது. பார்க்க முடியாதவர் பொதுவாகக் கடனும் கொடார். மாதச் சந்தாவுக்கு விற்கப்பட்ட எந்தக் கண்காணிப்பைக் காட்டிலும் இந்த இலவசப் பூட்டு உறுதியானது என்பது என் அபிப்பிராயம். கண்காணிப்பு, களவு நடந்த பின்தான் செய்தி சொல்லும்.

அவ்வாறாயின், இலட்சக்கணக்கில் ஈடு என்று விளம்பரப்படுத்தப்படும் அந்தக் காப்புறுதிப் பணம் எதற்கு? வழக்கறிஞர் கட்டணம், தபாற்செலவு, வேலைக்குப் போகாத நாளின் ஊதியம் போன்றவற்றுக்கே பெரும்பாலும். 2015இல் அமெரிக்க அரசின் ஆளணி அலுவலகத்திலிருந்து 2 கோடிக்கு மேற்பட்டோரின் விபரங்கள் திருடப்பட்டபோது, ஆளுக்கு 50 இலட்சம் டொலர்வரை காப்புறுதி வழங்கவேண்டும் என்று காங்கிரஸ் பணித்தது. 2017 மார்ச்சில் இதை ஆராய்ந்த அரசாங்கப் பொறுப்புக்கூறல் அலுவலகம், இவ்வகைக் காப்புறுதியில் கொடுக்கப்படும் ஈடு சில ஆயிரம் டொலரைத் தாண்டுவது அரிது என்றும், 50 இலட்சம் என்ற அளவு தேவையற்றதாகத் தோன்றுகிறது என்றும் எழுதியது. எனினும், தொலைபேசியில் வாதாடவும் கடிதம் எழுதவும் உதவிக்கு ஆளில்லாத முதியவர் ஒருவர், அதனை ஓர் உதவியாளருக்குக் கொடுக்கும் கூலியென எண்ணி வாங்கினால், அவருடன் எனக்கு வழக்கில்லை.

'அடையாளத் திருட்டு' என்ற பெயரிலேயே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. முன்பின் அறியாத ஒருவன் என் பெயரைச் சொல்லி ஒரு வங்கியை ஏமாற்றினால், ஏமாந்தது வங்கி. அதை என் அடையாளம் களவுபோயிற்று என்று சொல்லும்போது, களவு கொடுத்தவன் நானாகிவிடுகிறேன்.

ஆனால் ஐம்பது டொலர் சட்டத்தின் நிழல் எல்லா இடத்திலும் விழவில்லை. அமெரிக்காவிலேயே டெபிட் அட்டைக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டம் வேறு அளவுகோல் வைத்தது: தொலைந்ததை அறிந்து இரண்டு வேலைநாளுக்குள் அறிவித்தால் 50 டொலர்; தாமதித்தால் 500; கணக்கறிக்கை வந்து 60 நாட்களாகியும் பேசாதிருந்தால் அதற்குப் பின் நிகழும் இழப்புக்கு எல்லையே இல்லை. ஏமாற்றுக்காரன் பேச்சை நம்பித் தம் கையாலேயே பணம் அனுப்பியவர்கள் பிரித்தானியாவில் நெடுங்காலம் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள். 2024 ஒக்டோபர் 7 முதல்தான், வங்கிகள் அவர்களுக்கு 85,000 பவுண்வரை திருப்பிக்கொடுக்க வேண்டும் என்ற விதி வந்தது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில், வங்கியிலும் வாடிக்கையாளரிலும் தவறில்லாத மோசடியை மூன்று வேலைநாளுக்குள் அறிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்று கட்டளையிட்டது.

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் கொடுப்பனவுச் சாதன மோசடிகளைக் குற்றமாக்கியது. அட்டையைப் பிரதி செய்பவனையும் அதற்கான கருவி வைத்திருப்பவனையும் தண்டிக்க அது வழிசெய்கிறது. தண்டனைக்குரிய அச்சட்டத்தில், அட்டைக்காரரின் இழப்புக்கு 50 டொலர் போன்ற ஓர் எல்லை இல்லை. ஆகவே கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து என் மைத்துனரின் கேள்வியை ஒருவர் கேட்பாராயின், அவருக்கு உடனே 'வேண்டாம்' என்று சொல்லமாட்டேன். அட்டை தந்தபோது கையொப்பம் வாங்கிய அந்த நுண்ணெழுத்துத் தாளை முதலில் எடுத்துவாருங்கள், தொலைந்த அட்டையைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம் என்பேன்.

இதையெல்லாம் சுருக்கி மைத்துனரிடம் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் அமைதி. பிறகு, தானும் அந்த நாளில் ஏதோ ஓர் அட்டைக் காப்புறுதிக்கு ஆண்டுதோறும் பணம் கட்டியதாகச் சொன்னார். எத்தனை ஆண்டு என்று நினைவில்லையாம். பின்பு ஒருநாள், கட்டிய பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்தப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள் என்று ஒரு கடிதம் வந்ததாம். அது இரண்டு திட்டங்களில் எதன் கடிதம் என்பதும் அவருக்கு இப்போது நினைவில்லை.

"நிரப்பி அனுப்பினீரோ?" என்று கேட்டேன்.

"எங்கையத்தான், அதுவும் கள்ளர் அனுப்பின கடிதமெண்டு நினைச்சுக் கிழிச்சுப் போட்டன்" என்றார்.